417-ஆம் எண் மக்காச்சோளத்தின் நல்லடக்கம்

ஜனவரி மாதக் குளிர்மழை மூன்று நாள் விடாமல் பெய்ததில், ஒதீலியா கோமெஸின் சமையலறை மட்டும் மலைச்சரிவோடு கழன்று ஓடைக்குள் போய்விட்டது. வீடு நின்றது. கோழிகள் தப்பின. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிக்கொண்டிருந்த விதைக் கதிர்கள் போய்விட்டன.

சான் பந்தாலியோன் மலையூரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் மக்காச்சோளம் உண்டு. ஒதீலியாவின் நிலம் ஊரிலேயே உயரத்தில் இருப்பது, மண் ஊரிலேயே மெலிந்தது. நாற்பது வருடமாக அதில் யாரும் உரம் என்று ஒரு பிடி போட்டதில்லை. போடத் தேவையும் வரவில்லை. அவளுடைய மக்காச்சோளம் அங்கே இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அதே மண்ணில் பக்கத்து நிலத்து விதையை ஊன்றினால், அது இடுப்பளவு வந்ததும் மஞ்சளித்துப்போய், போகிறவர் வருகிறவரையெல்லாம் பரிதாபமாகப் பார்த்தது. ஆகவே அந்த விதை இல்லையென்றால் அந்த மேட்டு நிலமும் இல்லை. நிலம் இல்லையென்றால், நகரத்தில் யார் வீட்டிலாவது துணி துவைக்கப் போக வேண்டியதுதான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு இன்ஜினியர் வந்து அஞ்சு கதிர் வாங்கிட்டுப் போனாரே, கொமாத்ரே?" என்று நினைவுபடுத்தினாள் செனைதா. ஒதீலியாவின் மகளுக்கு அவள் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"ஆமா. போட்டோகூட எடுத்தாரு. கதிரை மட்டும். என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிட்டாரு."

"அந்தக் கதிர் எங்க போச்சோ, அங்க போவோம். எந்திரிங்க."

ஐந்து மணி நேரம் வண்டியில் மலையிறங்கி, இருவரும் சமவெளியில் இருந்த அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 'நைட்ரஜன் குறைவு தாங்கும் தானிய ரகங்களுக்கான தலைமை ஆய்வு மற்றும் சான்றளிப்பு நிலையம்' என்று சுவரில் எழுதியிருந்தது. சுவரின் நீளம் போதாததால் 'நிலையம்' மட்டும் மூலை திரும்பி அடுத்த சுவரில் இருந்தது.

மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மாள் பேரேட்டைப் புரட்டினாள்.

"இங்க யாரோட விதையும் கிடையாதும்மா. நம்பர்தான் இருக்கு. உங்களுது நானூத்திப் பதினேழு."

"அது நல்லா இருக்கா?"

"நாலு டிகிரி குளிர்ல இருக்கு. உங்களையும் என்னையும்விட நல்லா இருக்கு."

"அப்ப அதைத் திருப்பிக் குடுத்திருங்கம்மா. என்கிட்ட வேற விதை இல்ல."

"தாங்குதிறன் சோதனை முடிஞ்ச ரகத்தைத்தான் விவசாயிக்குக் குடுக்க முடியும். இது இன்னும் சோதிக்கலை."

"நான்தானே இதைக் குடுத்தேன்?"

"குடுத்தப்ப நீங்க கொடையாளி. கேக்கறப்ப நீங்க விவசாயி. அது வேற ஃபாரம், இது வேற ஃபாரம்."

செனைதா ஜன்னலுக்குள் தலையை விட்டாள். "ரெண்டு ஃபாரத்துலயும் இந்த அம்மாதானே இருக்கா?"

"அதான் சிக்கலே," என்றாள் ஜன்னல் அம்மாள், உண்மையான வருத்தத்தோடு.

கதிரை வாங்கிப் போன இன்ஜினியரை உள்ளே கண்டுபிடித்தார்கள். பெயர் நபோர் சிஸ்னேரோஸ். முன்வழுக்கை விழத் தொடங்கிய, சாதுவான மனிதர். ஒதீலியாவைப் பார்த்ததும் அவருக்கு முதலில் கதிர்கள்தான் நினைவுக்கு வந்தன. கொஞ்சம் கழித்து அவளும் நினைவுக்கு வந்தாள். சோதனை ஏன் இன்னும் நடக்கவில்லை என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர்களை வயலுக்குக் கூட்டிப்போனார்.

இங்கே நைட்ரஜனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்த நிலையத்தின் பெருமை விளங்காது. இலையின் பச்சையைச் செய்வது நைட்ரஜன். அது மண்ணில் குறைந்தால் பயிர் உடனே அழுவதில்லை. கீழே இருக்கும் மூத்த இலைகளிலிருந்து எடுத்து மேலே இருக்கும் குருத்துக்குக் கொடுக்கிறது. வீட்டில் மாவு குறைந்தால் பெரியவர்கள் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வதில்லையா, அந்த மாதிரி. அதனால்தான் மஞ்சள் எப்போதும் அடியிலையில் தொடங்கும். நுனியில் ஆரம்பித்து நடுநரம்பு வழியாக உள்ளே இறங்கும். பசி முற்றினால் கதிரின் பட்டுநூல் வெளியே வரவும் தாமதமாகும். உச்சியிலுள்ள ஆண்பூ மகரந்தத்தையெல்லாம் காற்றில் உதிர்த்து முடித்த பிறகு பட்டுநூல் மெதுவாக எட்டிப் பார்க்கும். பந்தலைப் பிரிக்கும்போது மணப்பெண் வந்து இறங்குகிற கதைதான். அப்படி நடந்தால் கதிரில் மணி கட்டாது.

எந்த ரகம் இந்தப் பசியைத் தாங்கும் என்று பார்க்க, முதலில் பசித்த மண் வேண்டும். பசித்த மண் தானாகக் கிடைக்காது, செய்ய வேண்டும். உரம் போடாமல் பயிர் வைத்து, அறுத்து, தட்டையைக்கூட விடாமல் வெளியே எடுத்துப் போட்டு, மறுபடி பயிர் வைத்து, வருடக்கணக்கில் மண்ணைச் சுரண்ட வேண்டும். நிலையம் இதை நாலு வருடமாகச் செய்துகொண்டிருந்தது.

வயலின் ஓரத்தில் காலி மூட்டைகள் ஒரு குன்றாகக் கிடந்தன.

"இது என்ன மூட்டை, இன்ஜினியர்?" என்று கேட்டாள் ஒதீலியா.

"யூரியா."

"பட்டினி போடற வயலுக்கா?"

நபோர் இரண்டு பக்கமும் பார்த்தார். "வருஷத்துக்கு நூத்தியிருபது மூட்டை எங்க ஒதுக்கீடுங்க. எல்லா நிலையத்துக்கும் வரும், எங்களுக்கும் வரும். டிசம்பருக்குள்ள தீர்க்கலைன்னா, இவங்களுக்குத் தேவையில்லைன்னு மேலே எழுதிருவாங்க. அதனால டிசம்பர்ல போட்டுருவோம். ஜனவரியிலேருந்து மறுபடி பட்டினி போடுவோம்."

"நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா. இதுல ரெண்டு பேர் டாக்டர் பட்டம்கூட வாங்கிட்டாங்க."

ஒதீலியா அந்தக் கொழுத்த கறுப்பு மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தாள். "மெலிஞ்ச மண்ணுதானே வேணும்? எங்க மேட்டுக்கு வாங்களேன்."

அன்றைக்கே அவளை இயக்குநரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் ரிகோபெர்தோ உர்கீதி தலைநகரத்துக்காரர். மேஜையில் மூன்று முத்திரைகள் உயரவாரியாக நின்றன. நாற்பது வருடமாக ஒன்றும் போடாத நிலம் என்று ஒதீலியா சொன்னதும் அவர் மெல்ல எழுந்து நின்றார்.

"ஒன்றுமேவா?"

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா."

"எந்தத் திட்டமும் வரவில்லையா? எந்த அரசாங்கமும்?"

"ஓட்டு கேக்க வந்தாங்க. மேடு ஏறலை."

டாக்டர் உர்கீதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஸ்னேரோஸ், மண் மாதிரி எடுங்கள்."

மண்ணில் நைட்ரஜன் எவ்வளவு குறைவாக இருந்ததென்றால், ஆய்வுக்கூடத்தில் கருவி பழுதென்று நினைத்து இரண்டு தரம் அளந்தார்கள். இயக்குநர் அந்த முடிவைச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஏப்ரலில் மேட்டு நிலத்துக்கு வறுமைச் சான்றிதழ் வழங்கும் விழா நடந்தது. ஊரின் ஊதுகுழல் வாத்தியக் குழு முழுதாக வந்து வாசித்தது. அந்த மலையில் வாத்தியக் குழு இல்லாமல் ஒரு பல்லைக்கூடப் பிடுங்க முடியாது. டாக்டர் உர்கீதி மேடையில் ஏறினார்.

"நண்பர்களே! இந்த நாட்டில் வறுமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் தரமான வறுமை எங்கே? சான்றளிக்கக்கூடிய வறுமை எங்கே? அதை உங்கள் ஊர் நமக்குக் கொடுத்திருக்கிறது. இதை எந்தக் காரணம் கொண்டும் முன்னேற விடமாட்டோம் என்று நான் உறுதி கூறுகிறேன்."

கூட்டம் கைதட்டியது. என்ன சொன்னார் என்று செனைதாவிடம் ஒரு கிழவர் கேட்டார். "நம்ம நிலம் பாஸாயிடுச்சாம், அதான்," என்றாள் அவள்.

பத்து வரிசையில் நிலையத்தின் சொந்தக் கலப்பினமான 'முன்னேற்றம்-9' ஊன்றப்பட்டது. பக்கத்தில் பத்து வரிசையில் 417. சுற்றிலும் வேலி. ஒதீலியா உள்ளே போக அனுமதியில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் நடுநிலை கெட்டுப்போகலாம் என்றது விதி. அவள் அந்த வருடம் கீழே செனைதாவின் நிலத்தில் பாதியைப் பயிர் செய்து சாப்பிட்டாள். காலையும் மாலையும் மேடேறி வந்து, வேலிக்கு வெளியே நின்று, உள்ளே தன் விதை வளர்வதைப் பார்த்தாள். விருந்து வீட்டில் தன் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று எட்டிப் பார்க்கிற தாயைப் போல இருந்தது.

ஆகஸ்டில் மதிப்பீட்டு நாள். கூடாரம், நாற்காலிகள், மறுபடி வாத்தியம்.

முன்னேற்றம்-9 நிலையத்தின் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் அப்படியே நின்றது. அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளித்திருந்தன. கதிர்கள் விரல் மொத்தத்தில் இருந்தன. 417 கூடாரத்தைவிட உயரமாக, கரும்பச்சையாக நின்றது. அதன் தண்டில் மண்ணிலிருந்து ஓர் ஆள் உயரம்வரை, கணுவுக்குக் கணு, விரல் தடிமனில் சிவப்பு வேர்கள் காற்றில் தொங்கின. ஒவ்வொரு வேர்நுனியிலிருந்தும் கோழை போல ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது.

டாக்டர் உர்கீதி முன்னேற்றம்-9 முன்னால் நெடுநேரம் நின்றார்.

"பாருங்கள் இந்த மஞ்சளை! எத்தனை ஒழுங்கு! எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்கியிருக்கிறது. எங்கே பரவ வேண்டுமோ அங்கே பரவியிருக்கிறது. வறுமையைத் தாங்குவது என்றால் இதுதான்." பிறகு 417 பக்கம் திரும்பினார். முகம் மாறியது. "இது என்ன? இது எதையும் தாங்கியதாகத் தெரியவில்லையே. கஷ்டப்படாத ஒன்றைத் தாங்கியது என்று நான் எப்படிச் சான்றளிப்பேன்?"

"நல்லா இருக்குதுங்களே ஐயா," என்றாள் ஒதீலியா வேலிக்கு வெளியிலிருந்து.

"அதுதான் அம்மா குற்றச்சாட்டே. இந்தப் பத்து வரிசையில் மண் வளமாக இருந்திருக்க வேண்டும். சிஸ்னேரோஸ், மறுபடி மண் எடுங்கள்."

எடுத்தார்கள். வளமில்லை. இன்னொரு தரம் எடுத்தார்கள். முன்னைவிட ஏழ்மையாக இருந்தது. மூன்றாம் தரம் எடுப்பதற்குள் நபோர் சிஸ்னேரோஸ் வாயைத் திறந்துவிட்டார். சாதுவான மனிதர்களுக்கும் தெரிந்ததைச் சொல்லாமலிருப்பது கஷ்டம்.

"டாக்டர், இந்த ஒழுகற கோழையில சர்க்கரை இருக்கு. அதுக்காக நுண்ணுயிரிகள் வந்து குடியிருக்கு. அதுங்க காற்றுல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்குது. நாம மூச்சு விடற காற்றுல நாலு பங்குக்கு மூணு பங்குக்கும் மேல நைட்ரஜன்தானே? இது மண்ணை நம்பி மட்டும் இல்லை, டாக்டர். சர்க்கரையைக் குடுத்து நைட்ரஜனை வாங்கிக்குது."

ஒதீலியா வேலிக்கம்பி வழியாகக் கையை விட்டு, ஒரு வேரின் நுனியைத் தொட்டு, இழையாக வந்த கோழையை எல்லோருக்கும் காட்டினாள். அவள் வாழ்நாள் முழுதும் பார்த்த ஒழுகல்தான். அதற்குள் இத்தனை நடக்கிறதென்று கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இனி விதையைக் கொடுத்துவிடுவார்கள் என்றும் நினைத்தாள்.

டாக்டர் உர்கீதியும் நன்றாகக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்தது.

"ஆக, இந்தச் செடி சோதனை நடந்துகொண்டிருக்கும்போது வெளியாள் உதவி பெற்றிருக்கிறது."

"டாக்டர்..."

"பள்ளிக்கூடப் பரீட்சையில் ஒருவன் ஜன்னல் வழியாகப் பதில் வாங்கி எழுதினால் நாம் என்ன செய்வோம், சிஸ்னேரோஸ்? அவன் கெட்டிக்காரன் என்று மாலை போடுவோமா?" அவர் குரலில் கோபமில்லை. நேர்மையான மாணவனுக்கு அநியாயம் நடக்கவிடாத ஆசிரியரின் கனிவுதான் இருந்தது. முன்னேற்றம்-9-இன் ஒரு மஞ்சள் இலையைத் தட்டிக்கொடுத்தார். அது ஒடிந்து விழுந்தது.

டிசம்பரில் கடிதம் வந்தது. முன்னேற்றம்-9-க்குத் தாங்குதிறன் சான்று வழங்கப்பட்டது. 417 தகுதிநீக்கம் செய்யப்பட்டது. குளிரறையில் மிச்சமிருக்கும் விதையும், சோதனை வயலில் அறுத்த எல்லாக் கதிர்களும் விதிப்புத்தகத்தின் முப்பத்தெட்டாம் பிரிவின்படி அழிக்கப்படும்.

ஒதீலியா கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் நிலையத்துக்குக் கிளம்பினாள். வண்டியில் செனைதா கொடுத்த, சோளமடலில் பொதிந்து அவித்த தமால் கொழுக்கட்டையைக்கூடப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அழிக்கிறதுன்னா எப்படிங்க? நான் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?" என்று இயக்குநரின் அறையில் கேட்டாள்.

"வேண்டாம் அம்மா, துயரமான காட்சி. சிஸ்னேரோஸ், பிரிவைப் படியுங்கள்."

நபோர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். அதை எழுதியவரும் தலைநகரத்துக்காரர். அவர் வீட்டுக்குத் தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டி கடையிலிருந்து சுடச்சுட வந்துகொண்டிருந்தது.

"பிரிவு முப்பத்தெட்டு. தகுதிநீக்கம் செய்யப்பட்ட விதையை அழிக்கும் முறைகள். புகை விதிகளின்படி எரிக்கக் கூடாது. முறை ஒன்று..." நபோர் நின்றார். தொண்டையைச் செருமினார். "மண்ணில் புதைத்தல். முறை இரண்டு, சுண்ணாம்பு கலந்த நீரில் கொதிக்க வைத்தல்."

மலையில் எந்த வீட்டிலும் அந்த ரொட்டிக்கு மக்காச்சோளத்தை அப்படித்தான் வேகவைத்து அரைப்பார்கள். செனைதாவுக்குத் திடீரென்று இருமல் வந்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். ஒதீலியா நபோரைப் பார்த்தாள். நபோர் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றாள் ஒதீலியா மெதுவாக, "புதைக்கறதுன்னா எங்க மேட்டுலயே புதைச்சிரட்டுங்களா? பிறந்த மண்ணு."

டாக்டர் உர்கீதி மனம் இளகினார். "தாராளமாக. எவ்வளவு ஆழம்?"

"நாலு விரல்."

"அவ்வளவு போதுமா?"

"எங்க பக்கம் அதான் பழக்கம் ஐயா. அதுக்குக் கீழ நாங்க போகமாட்டோம்."

"மக்களின் பழக்கத்தை மதிக்க வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள், சிஸ்னேரோஸ். ஒரே குழிதானே?"

"இல்லீங்க. குழிக்கு மூணு. குழிக்குக் குழி ஒரு எட்டு தள்ளி."

"எதற்கு இத்தனை குழிகள்?"

"ஒரே இடத்துல குவிச்சா பூசணம் பிடிச்சு நோய் பரவும், டாக்டர்," என்றார் நபோர், எழுதிக்கொண்டே.

"நல்லது. எப்போது?"

"ஏப்ரல்ல, முதல் மழைக்கு அப்புறம். இப்ப மண்ணு கல்லா கிடக்கு."

"அதுவரை கதிர்களை யார் பாதுகாப்பது? இது பொறுப்பான வேலை. எலிகூடத் தொடக்கூடாது."

"அடுப்புக்கு மேல புகையில தொங்க விட்டா ஒண்ணும் தொடாதுங்க. புது சமையலறை கட்டியிருக்கேன்."

"புதைத்தது போக மிச்சம் இருந்தால்?"

"இரண்டாவது முறைங்க," என்றாள் ஒதீலியா. "தினமும் கொஞ்சம் கொஞ்சமா. விடியக்காலம் எந்திரிச்சு நானே பண்ணிடுவேன்."

டாக்டர் உர்கீதி எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். தகுதிநீக்கத்தை இத்தனை பண்போடு ஏற்றுக்கொண்ட ஒரு விவசாயியை அவர் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. மூன்று முத்திரைகளையும் குத்தினார். ஒதீலியா கோமெஸ், அழிப்பு அதிகாரி, சம்பளமில்லாப் பதவி, மறு உத்தரவு வரும்வரை.

ஏப்ரலில் முதல் மழை பெய்தது. அடக்கத்துக்கு இயக்குநரே சாட்சியாக வந்தார். நிலத்தின் நாலு மூலையிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. ஒதீலியா ஒவ்வொரு மூலையிலும் மெஸ்கால் சாராயத்தை மண்ணுக்கு ஊற்றினாள். ஒரு கோழியை அறுத்து ரத்தத்தைத் தெளித்தாள். தன் மொழியில் மலையிடம் ஏதோ சொன்னாள். விதைப்புக்கு முன்னால் அந்த ஊரில் வருடா வருடம் சொல்வதுதான். பிறகு பெண்கள் வரிசையாக நடந்து, கம்பால் குத்தி, குழிக்கு மூன்றாகப் போட்டுக் காலால் மூடினார்கள்.

டாக்டர் உர்கீதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "ஒரு தானியத்துக்கு இத்தனை மரியாதையா!" என்றார் தழுதழுத்து. வாத்தியக் குழுவிடம் ஏதாவது சோகமாக வாசிக்கச் சொன்னார். அவர்கள் வாசித்தார்கள். டிரம்பெட்காரன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு இடத்தில் சுருதி தப்பினான். அது அழுகையென்று இயக்குநர் எடுத்துக்கொண்டார். கூடாரத்தடியில் எல்லோருக்கும் தமால் பரிமாறப்பட்டது. அவர் மூன்று சாப்பிட்டு, அழிப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, சமவெளிக்கு இறங்கினார்.

மூன்று வாரம் கழித்து நபோர் மட்டும் வந்தார். கையில் தொடர் ஆய்வுப் படிவம். மேட்டு நிலம் முழுக்க, ஓர் எட்டுக்கு ஓர் இடத்தில், மும்மூன்றாகப் பச்சைக் குருத்துகள் நின்றன.

"ஆகஸ்ட்ல வரதா சொன்னீங்களே, இன்ஜினியர்?" என்றாள் ஒதீலியா.

"இதைப் பாருங்க." படிவத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. 'புதைத்த பொருளின் எப்பகுதியாவது தரைக்கு மேலே காணப்படுகிறதா? தற்போது மண்ணுக்கு அடியில் உள்ள பகுதியைக் குறிப்பிடுக.' முதல் பாதியில் யாரோ எப்போதோ காப்பி கொட்டியிருந்ததால் அது எந்த நகலிலும் சரியாக விழவில்லை. நபோர் இரண்டாம் பாதிக்குப் பதில் எழுதினார்: 'வேர்கள் அனைத்தும்.'

"ஆகஸ்ட்ல வந்தா இப்படி எழுத முடியாது," என்றார் பேனாவை மூடிக்கொண்டே. "அப்ப பாதி வேர் காத்துல தொங்கும். அதான் இப்பவே வந்துட்டேன்."

சமையலறையிலிருந்து செனைதா குரல் கொடுத்தாள். "கொமாத்ரே, கல்லு காஞ்சிடுச்சு! அந்த இன்ஜினியரை உள்ள வரச் சொல்லுங்க. ரெண்டாவது முறையை யாரு வந்து ஆய்வு பண்றது?"

நபோர் உள்ளே போய் உட்கார்ந்தார். அடுப்புக்கு மேலே விதைக் கதிர்கள் புகையில் தொங்கின. முதல் தோர்த்தியாவை உப்பு தூவிச் சுருட்டித் தின்றார். இன்னும் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று ஐந்து தின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தின் அடியில் எழுதினார்: 'அழிப்புப் பணி திருப்திகரமாக நடைபெற்று வருகிறது. தொடரலாம்.'